ஊசிக் கம்பளி பொம்மையில் குறை வந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்பளிப் பஞ்சை ஊசியால் குத்திக் குத்தி யானை, மயில், மாங்காய் என்று உருவம் எடுக்கும் வேலையைக் கிருஷ்ணகிரியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சில வருடங்களாகச் செய்து விற்கிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சரி, வாங்கிப் போனவர்களும் சரி, போனில் படம் அனுப்பி "அக்கா, இப்படி ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்?" என்று கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மேல்பரப்பில் தெரியும் குறைகளில் பாதிக்கு மேல், உள் உருண்டையைச் சுற்றிய முதல் அரை மணி நேரத்தில் உண்டானவை.

மணிக்கணக்காகக் குத்தியும் கெட்டியாகவில்லை

முதலில் கையில் இருப்பது கம்பளிதானா என்று பாருங்கள். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன் நூல்" என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதைப் பிரித்துப் பஞ்சாக்கி பொம்மை செய்யப் பார்த்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். ஆன்லைனில் மலிவாக வரும் வண்ணப் பஞ்சிலும் அக்ரிலிக் கலந்து வருவதுண்டு. சோதனை எளிது. ஒரு சிட்டிகை இழையை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு, தீயில் காட்டுங்கள். கம்பளியென்றால் முடி கருகும் வாடை வரும், தீயை விட்டு எடுத்ததும் அணைந்துவிடும், மிஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் நசுங்காத கறுப்பு மணியாக இறுகிவிடும்.

கம்பளி ஏன் இறுகுகிறது என்று தெரிந்துகொண்டால் மீதிப் பிழைகள் தானாகவே விளங்கும். ஆட்டுக் கம்பளியின் ஒவ்வொரு இழையின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரை போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இழையில் சுருளும் உண்டு. நாம் பயன்படுத்துவது தையல் ஊசி அல்ல. இதன் நுனிப் பக்கத்து விளிம்புகளில் கீழ்நோக்கிய சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். உள்ளே போகும்போது அவை இழைகளைப் பிடித்து இழுத்துச் செல்லும், வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். இழுத்துச் செல்லப்பட்ட இழைகள் மற்றவற்றோடு சிக்கி, செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மொத்த வித்தையும் இதுதான்.

அப்படியானால் வெட்டுகள் இருக்கும் பகுதி பஞ்சுக்குள் போனால்தான் பயன். புதிதாகக் கற்பவர்கள் விரலைக் குத்திக்கொள்ளும் பயத்தில் மேலாக மட்டும் குத்துவார்கள். மேலே ஒரு தோல் உண்டாகிவிடும், உள்ளே பஞ்சு பஞ்சாகவே நிற்கும். பிறகு எவ்வளவு குத்தினாலும் அந்தத் தோல் இறுகுமே தவிர உள்ளே ஒன்றும் நடக்காது. உங்கள் பொம்மையை இரண்டு விரலால் அழுத்தும்போது மேலே கெட்டியாக இருந்து, பிறகு சட்டென்று உள்ளே இறங்கினால் இதுதான் காரணம். இதற்கு மருந்து, தடித்த ஊசியை எடுத்து நடுப்பகுதி வரை ஆழமாக, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் குத்துவது. 36ஆம் எண் ஊசி உள் வேலைக்கு, 38 பொது வேலைக்கு, 40 மேல்பூச்சுக்கு. எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் நாள் வாங்கும்போது நான் தலைகீழாக நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

ஆழமாகக் குத்தியும் இறுகவில்லையென்றால் பஞ்சைச் சுற்றிய விதத்தில் கோளாறு. தளர்வாக உருட்டி வைத்துவிட்டு ஊசியே எல்லாவற்றையும் செய்யட்டும் என்று விடக் கூடாது. பஞ்சை நீளமாகப் பிரித்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு குத்து குத்திக்கொண்டே போனால் வேலை நேரம் பாதியாகக் குறையும். எந்த அளவு கெட்டி போதும்? மாமரம் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். செங்காயாக இருக்கும் மாங்காயைக் கட்டைவிரலால் அழுத்தினால் எப்படி லேசாக இறங்கி உடனே மீளுமோ, அந்தப் பதம்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே வைக்கவும் மெரினோ என்ற செம்மறி இனத்தின் வழுவழுப்பான இழையையே போடுவார்கள். மெரினோ மிக மெல்லியது, சீவி ஒரே திசையில் நீட்டி வைத்தது. மேல்தோலுக்கு அருமை, உள்ளே வைத்தால் நேரமும் பணமும் வீண். உள்ளே கொஞ்சம் சொரசொரப்பான, நாலாபக்கமும் கலைந்து கிடக்கும் பஞ்சுதான் வேகமாகப் பிடிக்கும். பீகானேர்ப் பக்கமிருந்து கம்பளம் நெய்ய வரும் கம்பளியைச் சுத்தம் செய்து, நாய்க்கு முடி சீவும் சீப்பு இரண்டை எதிரெதிராக வைத்துச் சிக்கெடுத்து நான் உள்ளுக்குப் பயன்படுத்துகிறேன்.

நம் ஊர் ஆட்டு முடியில் செய்ய முடியுமா?

பலர் ஆசையோடு கேட்பதால் தனியாகச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கம் அதிகம் வளர்ப்பது மேச்சேரி ஆடு. செம்மறிதான், ஆனால் கம்பளி தரும் இனம் அல்ல. உடம்பில் இருப்பது குட்டையான, நேரான முடி. தோலுக்குத்தான் அதற்குப் பெயர். அந்த முடியைக் குத்தினால் இறுகாது, ஈர்க்குச்சி போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். குறும்பர்கள் கம்பளி நெய்வதற்குக் கத்தரிக்கும் ஆட்டினம் வேறு. அந்தக் கறுப்பு ரோமம் கிடைத்தால் விடாதீர்கள். கரடிக்கும் எருமைக்கும் சாயமே போடாமல் அப்படியே பயன்படும். சொரசொரப்பு அதிகம், ஆகவே முகத்துக்கு மட்டும் வேண்டாம்.

ஊசி அடிக்கடி உடைகிறது

ஊசி உள்ளே போன அதே கோணத்தில் வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும்போது கையைச் சாய்த்தாலோ, ஊசியால் பஞ்சை நெம்பினாலோ நுனி முறியும். இந்த ஊசி கடினமானது, வளையத் தெரியாது. உள்ளே கம்பி வைத்த பொம்மையென்றால் கம்பியில் பட்டும் உடையும். கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்து, பக்கவாட்டில் குத்துங்கள்.

உடைந்த நுனியைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு ஒரு குத்துகூடக் குத்தாதீர்கள். பொம்மையின் மேல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்ல நகர்த்தினால் மேலாக இருக்கும் துண்டு ஒட்டிக்கொள்ளும். ஆழத்தில் போயிருந்தால் அந்த இடத்தைக் கத்தரித்துத் திறந்து எடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மை விற்பனைக்கு இல்லை. நான் அப்படி ஒரு முழு மயிலை ஒதுக்கி வைத்திருக்கிறேன். யாரோ ஒரு குழந்தையின் விரலை நினைத்தால் அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை.

அடியில் வைக்கும் மெத்தையும் ஊசியை உடைக்கும். மெத்தைக் கடையில் வெட்டி மீந்த கெட்டி ஃபோம், இரண்டு அங்குலத் தடிமனுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மாகோல் வேண்டாம், பொடிப்பொடியாகப் பஞ்சில் ஏறும். சாக்குத் துணியில் அரிசி நிரப்பித் தைத்த பையும் நன்றாக உழைக்கும். கேழ்வரகு போட்டுப் பார்த்தேன், சாக்கின் கண் வழியாக உதிர்ந்துவிடுகிறது.

ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது

திருப்பாமல் குத்தியதுதான் காரணம். இருபது குத்துக்கு ஒரு முறை மெத்தையிலிருந்து பிய்த்து எடுத்துத் திருப்புங்கள். சப்பையான இடத்தில் புதுப் பஞ்சை மெல்லிய அடுக்காக வைத்து மேடாக்கலாம்.

கால், காது, தும்பிக்கை கழன்று வருகிறது

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதாலோ என்னவோ, எனக்கு வரும் ஆர்டரில் யானைதான் முதலிடம். அதனால் இந்தக் குறையில் நான் பட்டதும் அதிகம்.

தும்பிக்கையைத் தனியாகச் செய்யும்போது நுனி முதல் அடி வரை முழுவதும் குத்தி இறுக்கிவிடுகிறோம். பிறகு முகத்தில் வைத்துக் குத்தினால் ஒட்டுவதற்கு இழையே மிச்சம் இருக்காது. இறுகிய கம்பளியும் இறுகிய கம்பளியும் சேராது. சேர்ந்தது போல நிற்கும், ஒரு வாரத்தில் கையோடு வரும். ஆகவே எந்த உறுப்பைச் செய்தாலும் சேரும் முனையில் ஒரு அங்குலப் பஞ்சைக் குத்தாமல் துடைப்பத்தின் அடி போல விரித்து விட வேண்டும். அந்த விரிந்த இழைகளை உடம்பின் மேல் நாலாபக்கமும் பரப்பி, 38ஆம் எண் ஊசியால் ஆழமாகக் குத்தி உள்ளே இறக்குங்கள். அப்புறம் மேலே மெல்லிய ஒரு அடுக்குப் பஞ்சைப் போர்த்தி இணைப்பை மறைத்துவிடலாம்.

உடம்பையும் சேரும் இடத்தில் கொஞ்சம் இளகலாக விட்டிருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் இறுகிய பிறகு நினைவுக்கு வந்தால், அந்த இடத்தை ஊசி நுனியால் கிளறி இழைகளை எழுப்பிக்கொள்ளுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். பசை ஊறிய கம்பளியில் ஊசி இறங்காது, பிறகு பழுது பார்க்கவே முடியாமல் போகும். கண் மணியையும் நான் பசையில் ஒட்டுவதில்லை, பின்னந்தலை வரை நூலை இழுத்து முடிச்சுப் போடுகிறேன்.

காலில் பழுப்புக் கறை தெரிகிறதா? உள்ளே கட்டடக் கட்டுக்கம்பி வைத்திருப்பீர்கள். கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை நிறைய உறிஞ்சும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்தது தெரியாமலே வைத்துக்கொள்ளக்கூடியது. ஐப்பசி அடைமழையில் அந்த ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அலுமினியக் கம்பிக்கு மாறிவிடுங்கள். கறை பட்ட காலைத் தேய்த்துச் சுத்தம் செய்ய முடியாது, கழற்றிப் புதுக்கால்தான்.

மேலே பொசுபொசுவென்று இழை நிற்கிறது, ஊசித் துளை தெரிகிறது

தடித்த ஊசியிலேயே வேலையை முடித்திருக்கிறீர்கள். 40ஆம் எண்ணுக்கு மாறி, செங்குத்தாக இல்லாமல் சாய்வாக, மேலாக, நெருக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். மிஞ்சும் இழைகளை நல்ல கூர்மையான சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். சவர பிளேடு வேண்டாம், பரப்பைக் கீறிவிடும்.

கறுப்பு யானையில் உள் வெள்ளை புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேலடுக்கு மெல்லியது என்று பொருள். கறுப்பை ஒரே தடியாக அப்பாமல், இரண்டு மெல்லிய அடுக்காக ஒன்றை நீளவாக்கிலும் மற்றொன்றைக் குறுக்காகவும் வையுங்கள். ஊசி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு இழையை இழுத்துப் போகும் என்பதால் வெளிர் நிற வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

பட்டு இழை நிற்காமல் உதிர்கிறது

தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் ஓட்டைக் கூடு கைக்கு எளிதில் வருகிறது. ஔவையார் பொம்மைக்கு நரைத்த கூந்தல் வைக்க அதைவிட அழகான பொருள் இல்லை. ஆனால் பட்டில் செதில் கிடையாது, அதனால் தானாகப் பற்றாது. முதலில் கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசையை நீக்கி, அலசி உலர்த்தி, இழையைப் பிரியுங்கள். தலையில் பரப்பிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளைக் கம்பளியை வலை போல மேலே விரித்துக் குத்துங்கள். வலைதான் பட்டைப் பிடித்து நிறுத்தும்.

பொம்மையில் ஓட்டை, அருகே மணல் போன்ற துகள்

கொலுவுக்கு அதியமானும் ஔவையும் வேண்டும் என்று தர்மபுரியில் ஒரு வீட்டில் கேட்டார்கள். தகடூர் மண்ணில் நெல்லிக்கனிக் கதையை வைக்காமல் கொலுவா என்று அந்த அம்மா சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தேன். அடுத்த வருடம் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அதியமானின் நீட்டிய கை முழங்கை வரை அரித்துப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் ஓரளவு தப்பியிருந்தது. கொலு பார்க்க வந்த குழந்தைகள் எல்லோரும் நெல்லிக்காயைத் தொட்டுப் பார்க்க அந்தக் கையைத்தான் பிடித்திருக்கிறார்கள். வியர்வையும் சுண்டல் எண்ணெயும் பட்ட கம்பளிதான் பூச்சிக்கு முதலில் பிடிக்கும்.

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. நம் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை போலத் தட்டையாக ஒரு கூடு மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் இந்த வகைப் புழுதான், கம்பளியும் உதிர்ந்த முடியும் அதற்கு உணவு. பொம்மை அலமாரிக்குப் பக்கத்தில் அதைக் கண்டால் அன்றே அலமாரியைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் துடையுங்கள்.

பாதித்த பொம்மையை முதலில் வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்ப முடியாது, ஐஸ்கிரீம் வைக்கும் தனி ஃப்ரீசர் உள்ளவரிடம் கேட்டு வையுங்கள். நடுவில் மின்சாரம் போய் நெடுநேரம் வராவிட்டால் இரண்டு வாரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் பொம்மையின் மேல் நீர் கோக்காது.

வேப்பிலையும் வசம்பும் போதாதா என்று கேட்பார்கள். பூச்சி வராமல் தடுக்க ஓரளவு உதவும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. வைப்பதாக இருந்தால் துணியில் முடிந்து வையுங்கள், சருகுத் துகள் கம்பளியில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. நாஃப்தலின் உருண்டையை நான் தொடுவதில்லை, அதன் வாடை கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. சுத்தமாகத் துடைத்த பொம்மை, இறுக்கமான மூடியுள்ள டப்பா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து உதறிப் பார்ப்பது, இவை போதும். அதியமானுக்குப் புதுக்கை வைத்துக் கொடுத்தேன். கூடவே, கொலு முடிந்ததும் செய்ய வேண்டியதை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது விற்கும் ஒவ்வொன்றிலும் அந்த அட்டை போகிறது.

கழுவினேன், சுருங்கிவிட்டது

வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் கம்பளியின் செதில்கள் இன்னும் இறுகிப் பற்றும். அப்படிச் சுருங்கியதை விரிக்க வழி இல்லை. துணி சோப்பின் காரமும் கம்பளிக்கு ஆகாது. ப்ளீச் பட்டால் இழை கரைந்தே போகும். தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கறையென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ, வெள்ளைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். சன்னலோர வெயிலில் நிரந்தரமாக வைத்தால் வெள்ளை மஞ்சளாகும், சாயம் வெளுக்கும்.

விலையைக் கேட்டதும் போய்விடுகிறார்கள்

இதையும் ஒரு பிழையாகவே பார்த்து, காரணம் தேடுங்கள். நான்கு அங்குல யானைக்கு எனக்கு 9 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 80 ரூபாய் வைத்தால் 720. கம்பளி, ஊசித் தேய்மானம், மணி எல்லாம் 110. பெட்டி 60. ஆக 890. இதற்குக் கீழே விற்றால் என் கூலியை நானே குறைத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் 350க்கு விற்று, ஆர்டர் குவிந்து, மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். இப்போது விலையைக் குறைப்பதில்லை. பதிலாக ஒன்றரை மணி நேரத்தில் முடியும் மாங்காய்ச் சாவிக்கொத்தை 200 ரூபாய்க்கு வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் வெளியூரிலிருந்து வருபவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். யானையைப் பார்த்துவிட்டு மாங்காயோடு போனவர் பிறகு யானைக்கும் வருவதுண்டு.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா மேடம்?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. பதிவு செய்து அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். அட்டை இருந்தாலும், கம்பியும் மணியும் உள்ள பொம்மை அலங்காரத்துக்கு மட்டும், மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தை கைக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியே அனுப்புங்கள்.

பார்சலில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தது

நன்றாக இறுகிய உடம்பு நசுங்காது. நசுங்கியிருந்தால் முதல் பகுதிக்கே திரும்பிப் போங்கள். காது, வால், கூந்தல் படிந்து போயிருந்தால் வாங்கியவரே சரிசெய்யலாம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது, ஒரு சாண் உயரத்தில் ஆவியில் பத்து விநாடி காட்டி, வெளியே எடுத்து விரலால் நீவி நிமிர்த்திவிட்டு, முழுக்க உலரும் வரை தொடாமல் வைத்தால் பழைய நிலைக்கு வரும். அனுப்பும்போது காதின் இரு பக்கமும் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, பொம்மையைப் பெட்டியின் அடியோடு ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள். மழைக்காலமென்றால் பெட்டிக்குள் முதலில் ஒரு பாலித்தீன் பை. என்னிடம் திரும்பி வந்த கடைசிப் பார்சல், அந்தப் பையைப் போட மறந்த நாளில் அனுப்பியது.